ஷானன் கரையில் காசில்கானெல்: இடிந்த கோட்டைக்காக ஒரு நாள் ஒதுக்கலாமா?

டப்ளின்_தேவி எழுதியது:

வணக்கம். மே கடைசி வாரத்தில் அப்பாவும் அம்மாவும் டப்ளின் வருகிறார்கள். போன முறை வந்தபோது சுற்றுலாப் பேருந்தில் மோஹர் பாறைக்குக் கூட்டிப் போனேன். இறங்கு, படம் எடு, ஏறு என்று ஓட்டியதில் அப்பாவுக்கு அலுத்துவிட்டது. அவர் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். ஒரே இடத்தில் உட்கார்ந்து, அதன் கதையைக் கேட்டு, மெதுவாகப் பார்க்க வேண்டும் என்பார். அம்மாவுக்கு முட்டி வலி. சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பார், ஏற்றம் ஆகாது. இருவரும் சைவம்.

ஆறு, அமைதியான சின்ன ஊர், பழைய கோட்டை. இந்த மூன்றும் சேர்ந்த இடமாக, ஒரு இரவு தங்கும்படி சொல்லுங்கள். அலுவலகத்தில் ஒருவர் லிமரிக் பக்கத்தில் காசில்கானெல் என்று ஓர் ஊர் சொன்னார். யாராவது போயிருக்கிறீர்களா? எங்களிடம் கார் உண்டு.

வழிப்போக்கி எழுதியது:

போயிருக்கிறேன். மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்: கோட்டை என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான். ஒரு பாறை, அதன் மேல் உடைந்த சுவர்கள், அதை மூடிய கொடி. மண்டபம் இல்லை, மாடிப்படி இல்லை, உள்ளே போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை. அப்பா அம்மாவை அவ்வளவு தூரம் கூட்டிப் போகிறீர்கள் என்றால் அடேர் போங்கள். மெய்க் ஆற்றங்கரையில் டெஸ்மண்ட் கோட்டை, இடிபாடுதான் என்றாலும் கோட்டை உருவோடு நிற்கிறது, பக்கத்திலேயே பழைய மடாலயங்கள், கூரை வேய்ந்த வீடுகள், நல்ல உணவகங்கள். அம்மாவுக்கும் வசதி.

கோட்டைப்பித்தன் எழுதியது:

அடேர் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தேவி கேட்டது அமைதியான ஊர். கோடையில் அடேர் தெருவில் பேருந்துகள் வரிசை கட்டி நிற்கும். கோட்டைக்குள் போவதும் வழிகாட்டியோடு, பருவகாலத்தில் மட்டும்தான்.

காசில்கானெல் கோட்டை ஏன் அந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் பார்வையே மாறிவிடும். அது காலத்தால் தேய்ந்த கோட்டை இல்லை. வெடிமருந்து வைத்துத் தகர்த்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நார்மன்கள் வந்த பிறகு இந்தப் பகுதி டி பர்க் குடும்பத்தின் கைக்கு வந்தது. பின்னாளில் பர்க் என்று ஆனவர்கள் இவர்கள்தான். ஷானன் கரையில் தனித்து எழும் ஒரு சுண்ணாம்புப் பாறையைப் பிடித்து அதன் மேல் கோட்டை வைத்திருந்தார்கள். இடம் எப்படிப்பட்டது என்றால், லிமரிக் நகருக்கு மேலே ஆற்றைக் கடக்க நினைக்கும் எவரும் அதன் பார்வையில் படாமல் போக முடியாது. மேற்கே ஆறு, கிழக்கே நகரத்துக்குப் போகும் சாலை.

1690 ஜூலையில் பாயின் போரில், ஆங்கில அரியணையை இழந்திருந்த கத்தோலிக்க மன்னர் ஜேம்ஸ், அதில் அமர்ந்த வில்லியத்திடம் தோற்று பிரான்சுக்கு ஓடிவிட்டார். அவருடைய ஐரிஷ் படை ஷானன் ஆற்றை எல்லையாக வைத்துக்கொண்டு லிமரிக்கில் நின்றது. அந்த ஆகஸ்டில் வில்லியம் மன்னர் நகரை முற்றுகையிட்டார். ஐரிஷ் தளபதி பாட்ரிக் சார்ஸ்ஃபீல்ட் இரவோடு இரவாகக் குதிரைப்படையோடு கிளம்பி, கில்லலூ பக்கம் ஆற்றைக் கடந்து, மலைகளைச் சுற்றிப் போய், பாலிநீட்டியில் வில்லியத்தின் பீரங்கி வண்டிகளை வெடித்துச் சிதறவிட்டார். முற்றுகை தோற்றது. அடுத்த ஆண்டு ஜூலையில் ஆக்ரிம் போரில் ஐரிஷ் படை நொறுங்கியது. வில்லியத்தின் டச்சுத் தளபதி கிங்கெல் மறுபடி லிமரிக்குக்கு வந்தார். போன ஆண்டு பட்ட அடி நினைவில் இருந்திருக்கும். நகரைச் சுற்றி எதிரிக்கு உதவக்கூடிய ஒரு கோட்டையையும் விட்டுவைக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். காசில்கானெல் பிடிபட்டது, தகர்க்கப்பட்டது. நகருக்கு மறுபுறம் கிளாரினா அருகே காரிகோகனெல் என்று இன்னொரு பாறைக்கோட்டை. அதற்கும் அதே 1691இல் அதே கதி.

அக்டோபர் 3ஆம் தேதி லிமரிக் உடன்படிக்கை. சார்ஸ்ஃபீல்டும் ஆயிரக்கணக்கான வீரர்களும் பிரான்சுக்குக் கப்பல் ஏறினார்கள். கத்தோலிக்கர்களுக்குக் கொடுத்த வாக்குறுதிகள் காற்றில் போயின.

வரலாறு நடத்திய ஒருவருக்கு அந்த உடைந்த சுவரைக் காட்டி இதைச் சொல்லுங்கள். முழுசாக நிற்கும் கோட்டையில் இந்தக் கதையை இவ்வளவு நேராகக் காட்ட முடியாது.

லிமரிக்_மழை எழுதியது:

நான் லிமரிக்கில் இருக்கிறேன், இரவுப் பணி முடிந்த நாட்களில் அடிக்கடி காசில்கானெல் போய் நடப்பது வழக்கம். நகரிலிருந்து காரில் கால் மணி நேரம்தான்.

கோட்டைப்பித்தன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சுவரைப் பார்க்கும்போது ஓரத்தைப் பாருங்கள். பழைய கட்டடம் தானாக விழுந்தால் கல் கல்லாக உதிரும். இங்கே அப்படி இல்லை. சுண்ணாம்புச் சாந்து கல்லை விடவே இல்லை. சுவர் பெரிய பெரிய பாளங்களாகப் பிளந்து, கல்லும் சாந்துமாகச் சேர்ந்தே சாய்ந்திருக்கிறது. வரிசையாக அடுக்கிய கல் ஒரு பாளத்தில் செங்குத்தாக நிற்பதைப் பார்த்தால் அது எந்தப் பக்கம் புரண்டது என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். மேலே ஐவி கொடி கையளவு தடிமனில் வேர்விட்டிருக்கிறது. சில இடத்தில் சுவரைத் தாங்குவது சாந்தா கொடியா என்று தெரியவில்லை.

ஆனால் மேலே ஏற வேண்டாம். இடிபாடு உறுதியானது இல்லை, காஞ்சொறிச் செடி வேறு முழங்கால் வரை இருக்கும். சாலையோரத்திலிருந்து பார்ப்பதே போதும். அம்மாவுக்கும் அதுதான் சரி.

அப்புறம், அந்த ஊருக்குப் போவது கோட்டைக்காக மட்டும் இல்லை. ஆறுதான் முக்கியம். ஊருக்குள்ளிருந்தே ஆற்றோரமாக நடந்தால் ஒரு நடைபாலம் வரும். இந்தக் கரை லிமரிக் மாவட்டம், அந்தக் கரை கிளேர். டூனாஸ் அருவி என்று பெயர் பெற்ற இடம் அது. அருவி என்றதும் உயரத்திலிருந்து விழுவதை நினைக்காதீர்கள். பாறைகளுக்கு நடுவே ஆறு படிப்படியாக இறங்கும் நீண்ட ஓட்டம். மே மாதம் கரையெல்லாம் ஹாத்தார்ன் புதர்கள் வெள்ளையாகப் பூத்திருக்கும். சாம்பல் நாரை, நீர்க்காகம், அன்னம், அதிர்ஷ்டம் இருந்தால் மீன்கொத்தி. மே கடைசியில் ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் பொழுது சாயும், அதனால் சாப்பிட்டுவிட்டுக்கூட ஒரு நடை போகலாம்.

வழிப்போக்கி எழுதியது:

ஆறு அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அருவி என்று பெயர் வைத்துவிட்டு அங்கே தண்ணீர் பாறைக்கு நடுவே சோம்பலாகப் போகிறது. அயர்லாந்தின் மிக நீளமான ஆறு என்கிறார்கள், அந்த இடத்தில் பார்த்தால் நம்பவே முடியவில்லை.

தூண்டில் எழுதியது:

நண்பரே, நீங்கள் சொன்னது சரி. ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த ஊரைப் பற்றிப் பேசவே முடியாது.

நீங்கள் பார்த்தது ஷானன் ஆற்றின் மிச்சம். ஆறு 1929இலேயே வேறு வழியாகப் போய்விட்டது.

ஊருக்கு மேலே பார்ட்டீன் என்ற இடத்தில் தடுப்பணை கட்டி, தண்ணீரை 12 கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஒரு புதிய கால்வாயில் திருப்பி, கிளேர் கரை வழியாக ஆர்ட்னக்ரஷா மின்நிலையத்துக்குக் கொண்டு போகிறார்கள். பழைய ஆற்றுக்குச் சட்டப்படி விட வேண்டிய குறைந்தபட்ச நீர் வினாடிக்கு 10 கனமீட்டர். கால்வாய் தன் பங்காக வினாடிக்கு ஏறக்குறைய 400 கனமீட்டர் வரை கொண்டு போகும். கணக்கைப் பாருங்கள். வருடத்தின் பெரும்பகுதி டூனாஸில் ஓடுவது அந்தப் பத்துதான்.

அதற்கு முன் காசில்கானெல் என்றால் சால்மன் மீன். ஐரோப்பா முழுக்க இருந்து பணக்காரத் தூண்டில்காரர்கள் வருவார்கள். 30, 40 பவுண்டு எடையுள்ள வசந்தகால சால்மன் அந்த ஓட்டத்தில் ஏறும். தட்டையான அடிப்பகுதி கொண்ட மரப்படகை நீண்ட கழியால் ஊன்றி, பாறைக்கு நடுவே நிறுத்திப் பிடிக்கும் படகோட்டிகள் அந்த ஊரில் பரம்பரையாக இருந்தார்கள். அந்தச் சுழலில் படகை அசையாமல் நிறுத்துவது சாதாரண வேலை இல்லை. என்ரைட் குடும்பம் அங்கே தூண்டில் கோல் செய்தது. கிரீன்ஹார்ட் என்ற தென் அமெரிக்க மரம், கனமானது, வளைந்து கொடுக்கும். துண்டுகளை உலோகப் பூண் போட்டு இணைக்காமல், இரண்டு முனைகளையும் சரிவாகச் சீவி ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். அதனால் கோல் அடியிலிருந்து நுனி வரை ஒரே வளைவாக வளையும். இன்றும் பழைய பொருள் சேகரிப்பவர்கள் காசில்கானெல் கோல் என்று தேடி வாங்குகிறார்கள்.

அணைக்குப் பிறகு அந்த மீன் போயிற்று. கடலிலிருந்து வரும் மீன் பெரிய நீரோட்டத்தைத் தேடி ஏறும். பெரிய நீரோட்டம் இப்போது மின்நிலையத்தின் வாசலிலிருந்து வருகிறது. அங்கே போய் முட்டி நிற்கும். மீன் ஏறுவதற்கான தூக்கி அங்கே வந்தது 1959இல். முப்பது வருடம் கழித்து! லிமரிக் நகரில் அபே மீனவர்கள் என்று தலைமுறை தலைமுறையாக வலை போட்ட சமூகம் ஒன்று இருந்தது. அவர்கள் தொழிலும் அதோடு சரிந்தது.

நான் கார்க்கில் இருக்கிறேன், இப்போதும் அங்கே தூண்டில் போடப் போவதுண்டு. போகும்போதெல்லாம் மனசு கனக்கும்.

மின்விசை எழுதியது:

தம்பி, மீன் போனது உண்மை. ஆனால் ஆர்ட்னக்ரஷாவை வில்லனாக மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். நான் நீர்மின் நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், மகள் வீட்டுக்கு வந்தபோது அதைப் போய்ப் பார்த்தேன். தலை வணங்கத் தோன்றியது.

காலத்தை நினைத்துப் பாருங்கள். 1922இல் நாடு பிறக்கிறது. உடனே உள்நாட்டுப் போர், 1923இல்தான் ஓய்கிறது. கையில் காசில்லை, ஊரில் விளக்கில்லை. தாமஸ் மெக்லாக்லின் என்ற இளம் பொறியாளர் ஜெர்மனியில் சீமன்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, ஷானனிலிருந்து நாடு முழுமைக்கும் மின்சாரம் எடுக்கலாம் என்ற திட்டத்தோடு வருகிறார். 1925இல் சட்டம் நிறைவேறி வேலை ஆரம்பிக்கிறது. செலவு ஐந்து மில்லியன் பவுண்டுக்கு மேல். அந்த நாட்டின் ஒரு வருட வரவு செலவுத் திட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஐயாயிரம் பேர் வேலை செய்தார்கள். 1929 ஜூலையில் அன்றைய ஆட்சித் தலைவர் காஸ்கிரேவ் திறந்து வைக்கிறார். நான்கே வருடம்!

திறந்த காலத்தில் உலகின் மிகப் பெரிய நீர்மின் நிலையங்களில் ஒன்று. நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை இந்த ஒரே இடம் கொடுத்தது. தண்ணீர் விழும் உயரம் கிட்டத்தட்ட 30 மீட்டர். உற்பத்தித் திறன் 86 மெகாவாட். இன்றைய தேவைக்கு அது சின்னப் பங்குதான், ஆனால் நூறு வருடத்தை நெருங்கும் நிலையம் இன்றும் ஓடுகிறது. பக்கத்திலேயே படகுகள் இறங்கும் நீர்ப்பூட்டு இருக்கிறது. படகு உள்ளே வந்து கதவு மூடினால், இரண்டு தொட்டிகளில் அந்த 30 மீட்டரும் இறங்கும்.

கோடையில் முன்பதிவு செய்தவர்களுக்கு உள்ளே சுற்றிக் காட்டுவது உண்டு. இந்த வருடம் உண்டா என்று மின்வாரியத் தளத்தில் பார்த்துவிட்டு, தேவி அம்மா, உங்கள் அப்பாவை அவசியம் கூட்டிப் போங்கள்.

தூண்டில் எழுதியது:

ஐயா, நான் வில்லன் என்று எழுதவில்லை. அந்த மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல யாராலும் முடியாது. நான் சொல்வது வேறு. நாட்டுக்கு வெளிச்சம் வந்ததற்கு விலை கொடுத்தது யார்? டப்ளின் கொடுக்கவில்லை. இந்த ஒரு ஆற்றுத் துண்டும், அதன் கரையில் இருந்த ஒரு சின்ன ஊரும் கொடுத்தன. வேலை செய்தவர்களில் எத்தனையோ பேர் தங்க இடமின்றி மாட்டுக் கொட்டகையிலும் களஞ்சியத்திலும் படுத்தார்கள். கூலி குறைவு என்று ஆரம்பத்திலேயே வேலைநிறுத்தம் நடந்தது. நிலையத்தைப் புகழும்போது இவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆசை.

விலாங்கு மீன் கதை தெரியுமா உங்களுக்கு? வளர்ந்த விலாங்கு முட்டையிட அட்லாண்டிக்குக்குத் திரும்ப வேண்டும். கீழே இறங்கினால் மின்நிலையத்தின் சுழலியில் அடிபடும். அதனால் கில்லலூவில் வலை கட்டிப் பிடித்து, தொட்டி வண்டியில் ஏற்றி, சாலை வழியாக நிலையத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விடுகிறார்கள். ஓர் ஆற்று மீன் வண்டியில் ஊர்வலம் போகிறது. நல்ல முயற்சிதான், ஆனாலும் அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மின்விசை எழுதியது:

அது நியாயமான பேச்சு. நான் வேலை பார்த்த நாட்களில் கீழ்ப்பக்கம் எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்பதை ஒரு எண்ணாகத்தான் எழுதி வைத்திருப்போம். அந்த எண்ணுக்குக் கீழே வாழ்பவர்கள் யார் என்று கோப்பில் இருக்காது. நீங்கள் எழுதியதைப் பேரனுக்குப் படித்துக் காட்டினேன்.

லிமரிக்_மழை எழுதியது:

இரண்டு பேர் பேசியதற்கும் சாட்சி சொல்லும் ஒரு காட்சி உண்டு, குளிர்காலத்தில். மழை மிஞ்சி, தடுப்பணைக்கு மேலே இருக்கும் டெர்க் ஏரி நிரம்பினால் கால்வாய் கொள்ளாது. மிச்சத் தண்ணீரை பார்ட்டீனிலிருந்து பழைய ஆற்றில் திறந்து விடுவார்கள். அப்போது டூனாஸ் வேறு இடம். பாறை ஒன்றும் தெரியாது, பழுப்பு நிறத்தில் திரண்டு வரும், பாலத்தில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வயதான ஒருவர் என்னிடம் சொன்னார், எங்கள் தாத்தா காலத்தில் ஊர் முழுக்க இந்தச் சத்தம்தான் என்று.

ஆனால் அது வேடிக்கை இல்லை. 2009 நவம்பர் வெள்ளத்திலும் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் இந்தக் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் போயிற்று. எதிர்க்கரையில் கிளான்லாரா பக்கம் சாலை மூழ்கி, மக்கள் நாட்கணக்கில் வெளியே வர முடியாமல் தவித்தார்கள். ஆறு வற்றினாலும் அவர்களுக்கு, பெருகினாலும் அவர்களுக்கு.

அதனால்தான் நான் எப்போதும் சொல்வேன்: காசில்கானெலின் அமைதி இயற்கையாக வந்தது இல்லை. ஒரு பக்கம் வெடிமருந்து கோட்டையை வாய் மூட வைத்தது, இன்னொரு பக்கம் மின்சாரம் ஆற்றை வாய் மூட வைத்தது. இரண்டையும் தெரிந்துகொண்டு அந்தப் பாதையில் நடந்தால் ஒவ்வோர் அடியிலும் பார்க்க ஏதோ இருக்கும். தெரியாமல் போனால் வழிப்போக்கி சொன்னதுபோல உடைந்த சுவரும் சோம்பல் ஆறும்தான்.

ஆர்காடு_நண்பன் எழுதியது:

தேவியின் அப்பா வரலாற்று ஆசிரியர் என்றதால் நானும் ஒன்று சொல்ல வேண்டும். காசில்கானெலிலிருந்து ஆற்றோடு சில கிலோமீட்டர் கீழே இறங்கினால் பிளாசி. ஆமாம், அதே பிளாசி. ராபர்ட் கிளைவ் 1757 போருக்குப் பிறகு கைநிறையப் பணத்தோடு திரும்பி, இந்தப் பகுதியில் நிலம் வாங்கி, அதற்கு அந்தப் பெயரை வைத்தார். 1762இல் அவருக்குக் கிடைத்த பட்டம் கிளேர் மாவட்டத்துப் பிளாசியின் பிரபு. இங்கிலாந்துப் பிரபுப் பட்டம் வாங்கியிருந்தால் பிரபுக்கள் சபைக்குப் போக வேண்டியிருக்கும். ஐரிஷ் பட்டம் என்பதால் மக்களவையில் தொடர்ந்து உட்கார முடிந்தது.

நம் பக்கத்துத் தொடர்பைச் சொல்லவே வேண்டாம். 1744இல் சென்னைக் கோட்டையில் எழுத்தராக வேலைக்கு வந்தவர், 1751இல் ஆர்காட்டு முற்றுகையில் பெயர் எடுத்தவர், புனித மேரி தேவாலயத்தில் 1753இல் கல்யாணம் செய்தவர், கடலூர் புனித டேவிட் கோட்டையின் பொறுப்பில் இருந்தவர். ஆர்காட்டில் ஆரம்பித்த பாதை ஷானன் கரையில் வந்து நிலமாக மாறியிருக்கிறது. நான் ஆர்காடு பக்கத்துக்காரன், அங்கே முதல்முறை அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. வங்காளத்தில் வசூலித்த பணம் இந்தப் புல்வெளியில் கிடக்கிறதே என்று.

இப்போது அது லிமரிக் பல்கலைக்கழக வளாகம். பிளாசி மாளிகை அதன் நிர்வாகக் கட்டடம். வளாகம் ஆற்றின் இரு கரையிலும் இருக்கிறது, 2007இல் கட்டிய நடைபாலம் ஒன்று வளைந்து வளைந்து போகும். சமதளம், உட்கார இடம் உண்டு, அம்மாவுக்கு ஏற்றது. பழைய படகுக் கால்வாயின் தடமும் அருகே இருக்கிறது. டூனாஸ் ஓட்டத்தில் சரக்குப் படகு போக முடியாது என்பதால் அதைச் சுற்றி வெட்டிய பிளாசி எரினா கால்வாய். மின்நிலையக் கால்வாய் வந்ததும் அதற்கு வேலை போய்விட்டது.

கோட்டைப்பித்தன் எழுதியது:

அருமை. ஒரே ஆற்றில் பர்க், கிங்கெல், கிளைவ், சீமன்ஸ். நான்கும் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் காசில்கானெல் மருந்து நீரூற்றுக்கும் பேர்போனது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரும்புச் சத்துள்ள ஊற்று. லிமரிக் செல்வந்தர்கள் கோடையில் வந்து தங்கித் தண்ணீர் குடித்து நடப்பார்கள். ஆற்றோரப் பெரிய வீடுகள் பல அந்த நாகரிகத்தின் மிச்சம். கோட்டை தகர்ந்து நூறு வருடத்துக்குள் அதே பாறையின் நிழலில் சீமான்கள் உலாவியிருக்கிறார்கள்.

டப்ளின்_தேவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இழையை அப்பாவுக்கு அனுப்பினேன், அவர் நேற்று இரவே தொலைபேசியில் கூப்பிட்டு ஆக்ரிம் போரைப் பற்றி எனக்கு வகுப்பு எடுத்துவிட்டார். காசில்கானெல் உறுதி.

இன்னும் சில சந்தேகங்கள். ரயிலில் போனால் எப்படி? அம்மாவுக்குக் கார் பயணத்தைவிட ரயில் பிடிக்கும். சைவச் சாப்பாடு கிடைக்குமா? தூண்டில் அண்ணா, அப்பாவுக்கு மீன் பிடிப்பதைப் பார்க்க ஆசை, பிடிக்க வேண்டாம், பார்த்தால் போதும். கரையில் நின்று பார்க்கலாமா?

லிமரிக்_மழை எழுதியது:

ரயில் உண்டு, அதுவும் நல்ல பயணம். டப்ளின் ஹியூஸ்டனிலிருந்து கார்க் பக்கம் போகும் வண்டியில் ஏறி பாலிபிராஃபியில் இறங்கி, நீனா கிளைப்பாதை வண்டிக்கு மாற வேண்டும். ராஸ்க்ரே, கிளஃப்ஜோர்டன், நீனா, பேர்ட்ஹில், அப்புறம் காசில்கானெல். மெதுவாகப் போகும், இரண்டு பக்கமும் மேய்ச்சல் நிலம். ஆனால் நாளைக்கு ஒன்றிரண்டு வண்டிதான், ஒன்றை விட்டால் நாள் போயிற்று. நேரம் பார்க்காமல் கிளம்பாதீர்கள். பிளாசி, ஆர்ட்னக்ரஷா எல்லாம் பார்ப்பதாக இருந்தால், நீங்கள் காரில் வந்து, அவர்கள் இருவரை மட்டும் பாலிபிராஃபியிலிருந்து ரயிலில் அனுப்பி, காசில்கானெல் நிலையத்தில் ஏற்றிக்கொள்ளலாம். காரில் டப்ளினிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

சாப்பாடு: ஊர் மதுக்கூடத்தில் காய்கறி சூப், சோடா ரொட்டி, சீஸ் வைத்துச் சுட்ட சாண்ட்விச் கிடைக்கும். சூப் கோழி வேகவைத்த நீரில் செய்ததா என்று கேட்டுவிடுங்கள், முகம் சுளிக்காமல் சொல்வார்கள். ராத்திரிக்கு லிமரிக் நகருக்கு வந்தால் இந்திய உணவகங்கள் இருக்கின்றன. அம்மா புளியோதரை கட்டிக்கொண்டு வந்தால் ஆற்றோர பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவது எல்லாவற்றையும் விட நன்றாக இருக்கும்.

தூண்டில் எழுதியது:

தங்கச்சி, தாராளமாகப் பார்க்கலாம். அங்கே மீன்பிடி உரிமை மின்வாரியத்திடம் இருக்கிறது, ஆற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து அனுமதிச்சீட்டு கொடுக்கிறார்கள். சால்மனுக்கு அரசு உரிமமும் தனியாக வேண்டும். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் வேண்டாம். இரண்டு விஷயம் மட்டும். கோல் வீசுபவருக்குப் பின்னால் நிற்கக் கூடாது, நூல் பின்பக்கம் நீண்டு வரும், கொக்கி கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. நூல் எட்டாத அளவுக்கு நன்றாகத் தள்ளி நில்லுங்கள். அப்புறம், அவர் ஆற்றில் இடுப்பளவு இறங்கி நிற்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். கரையேறியதும் அவரே வந்து பேசுவார், போதும் என்றாலும் விடமாட்டார்.

பார்த்தால் அப்பாவுக்கு ஒன்று காட்டுங்கள். கோலைத் தலைக்குப் பின்னால் முழுசாக வீசாமல், நூலைத் தண்ணீர் மேலேயே சுருட்டி முன்னால் உருட்டி விடுவார்கள். பின்னால் மரம் அடர்ந்த கரைகளுக்காக வந்த முறை. நல்ல கை உள்ளவர் செய்தால் நூல் ஆற்றின் பாதி அகலம் போய் சத்தமில்லாமல் விழும்.

மின்விசை எழுதியது:

ஒரு எச்சரிக்கை, பழக்க தோஷத்தில் சொல்கிறேன். வெயிலடிக்கும் நாளில் ஆற்று நடுவே பாறைகள் காய்ந்து கிடக்கும், படம் எடுக்க இறங்கத் தோன்றும். இறங்காதீர்கள். மேலே தடுப்பணையில் மதகைத் திறந்தால் நீர்மட்டம் ஏறும், உங்கள் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டியதே இல்லை. அறிவிப்புப் பலகைகளைப் படித்துவிட்டுப் பாதையிலேயே நில்லுங்கள்.

டப்ளின்_தேவி எழுதியது:

சரி ஐயா, கட்டாயம். முதல் நாள் மதியம் கோட்டைப் பாறை, ஆற்றோர நடை, பாலம். ராத்திரி அங்கேயே தங்கல். மறுநாள் காலை ஆர்ட்னக்ரஷா, அனுமதி கிடைத்தால் உள்ளே, பிறகு பிளாசி வழியாகத் திரும்புகிறோம். தங்குமிடம் பார்த்துவிட்டேன், தரைத்தள அறை கேட்டு எழுதியிருக்கிறேன்.

வழிப்போக்கி எழுதியது:

நல்ல திட்டம். நானும் அடுத்த முறை லிமரிக் பக்கம் வரும்போது ஜனவரியில் வரப் பார்க்கிறேன், மதகு திறந்த சமயத்தில் அந்தப் பாலத்தில் நின்று பார்க்க வேண்டும். லிமரிக்_மழை அக்கா, தண்ணீர் திறந்தால் இந்த இழையிலேயே ஒரு வரி போடுங்கள்.

லிமரிக்_மழை எழுதியது:

போடுகிறேன். ஆனால் வெள்ள எச்சரிக்கை இருக்கும் நாளில் வராதீர்கள், தம்பி. அன்று அந்தக் கரையோரத்துக்காரர்கள் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருப்பார்கள், வேடிக்கை பார்ப்பவர்களின் கார்கள் சாலையை அடைக்கக் கூடாது. எச்சரிக்கை விலகி, தண்ணீர் இன்னும் நிறைய ஓடும் நாள் ஒன்று வரும். அப்போது சொல்கிறேன்.